லிங்க் பண்ணா லைசென்ஸ் ஒட்டிக்குமா? கேள்விய போடுங்க, சொல்றேன்

சேலம் செவ்வாப்பேட்டை கொலுசு கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி பொழைக்கிறவன் நான், வக்கீல் இல்ல. அத மனசுல வச்சுகிட்டு கேளுங்க. அடுத்தவன் எழுதி வச்ச கோட (லைப்ரரி) நம்ம புரோகிராம்ல இணைக்கறதுதான் லிங்க். ஜிபிஎல்ங்கறது, அந்த கோட சேத்து செஞ்சத வெளிய குடுத்தா சோர்ஸயும் (நாம எழுதுன மூல கோடு) அதே லைசென்ஸ்ல குடுன்னு சொல்ற லைசென்ஸ்.

குகை தம்பி: அண்ணா, ஜிபிஎல் லைப்ரரிய ஷேர்டு லைப்ரரியா தனியா வச்சு டைனமிக்கா லிங்க் பண்ணா நம்ம சோர்ஸ் குடுக்க வேணாம்னு ஃப்ரெண்டு சொல்றான், நெசமா?

உன் ஃப்ரெண்டு சொல்றத நம்பி மாட்டிக்காத தம்பி. ஜிபிஎல் எழுதுன ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஸ்டாட்டிக்கா (லைப்ரரிய புரோகிராமுக்குள்ளயே சேத்து) இருந்தாலும் டைனமிக்கா (தனி ஃபைலா வச்சு ஓடறப்போ சேத்து) இருந்தாலும் ரெண்டும் சேர்ந்து ஒரே படைப்புன்னுதான் சொல்லுது. டைப் பண்ற வரிய திருத்த உதவுற ரீட்லைன் லைப்ரரிய வேணும்னே எல்ஜிபிஎல்ல (லைப்ரரிங்களுக்கான தளர்வான ஜிபிஎல்) விடாம ஜிபிஎல்ல வச்சிருக்காங்க, 1992ல க்ளிஸ்ப்னு ஒரு லிஸ்ப் புரோகிராம் அத யூஸ் பண்ணப்போ அந்த ஃபவுண்டேஷன ஆரம்பிச்ச ஸ்டால்மேன் கேள்வி கேட்டு, மெயில்ல சண்ட போட்டு, கடைசில க்ளிஸ்பே ஜிபிஎல்லுக்கு மாறிடுச்சு. நானும் பட்டிருக்கேன். ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்கு எடைமேடை புரோகிராம் காலைல குடுக்கணும், ராத்திரி பதினொரு மணிக்கு புரோகிராம் எந்தெந்த லைப்ரரிய தேடுதுன்னு காட்டற எல்டிடி கமாண்ட சும்மா போட்டு பாத்தா நாலாவது வரில லிப்ரீட்லைன் (அதே ரீட்லைன்தான்) சிரிக்குது. அதே வேலைய செய்யற, சோர்ஸ் கேக்காத பிஎஸ்டி லைசென்ஸ்ல இருக்கற லிபெடிட்டுக்கு மாத்தி முடிக்கறப்போ விடிஞ்சிருச்சு. ஆனா ஒண்ணு, வெளிய யாருக்கும் குடுக்காம உன் கடைக்குள்ளயே ஓட்டுனா இந்த தலவலியே கெடையாது. குடுக்கறப்போதான் கணக்கு ஆரம்பிக்குது. குடுக்கறதுக்கு முன்னாடி எல்டிடி போடு.

அஸ்தம்பட்டி: எம்ஐடி லைசென்ஸ்?

காப்பிரைட் வரியையும் லைசென்ஸ் டெக்ஸ்டையும் கூடவே வைங்க, முடிஞ்சுது.

ஓமலூர்: எல்ஜிபிஎல்ல ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணலாமா?

பண்ணலாம். ஆனா 2.1ல ஆறாவது பிரிவு படிங்க, வாங்குனவன் லைப்ரரிய மாத்தி திரும்ப லிங்க் பண்ண முடியணும், அதனால உங்க ஆப்ஜெக்ட் ஃபைலையாவது (கம்பைல் பண்ணி, இன்னும் லிங்க் பண்ணாத ஃபைல்) குடுக்கணும். டைனமிக்னா அந்த தொல்ல கம்மி. இன்னொன்னு யாரும் கவனிக்கறதில்ல, "ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்யக்கூடாது"ன்னு (அதாவது புரோகிராம பிரிச்சு பாக்கக்கூடாதுன்னு) நெட்ல சுட்ட அக்ரிமெண்ட்ட ஒட்டுறீங்களே, அதுவே அந்த பிரிவுக்கு முட்டும்.

அம்மாபேட்டை: ஜிபிஎல்ல டைனமிக்கா லிங்க் பண்ணா தப்பிக்கலாமா?

மேல படிங்க.

சூரமங்கலம்: சார், நீங்க சொல்றது அவங்க கருத்து. எந்த கோர்ட்டு சொல்லுச்சு? லைப்ரரில என்னென்ன இருக்குன்னு சொல்ற ஹெடர் ஃபைல இன்க்ளூட் பண்ணதுக்கே என் கோடு அவங்களோடதாகிடுமா?

இதுதான் கேள்வி! நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு, லாரன்ஸ் ரோசன் மாதிரி வக்கீலுங்களே லிங்க் பண்றதால மட்டும் அது வழிவந்த படைப்பு (ஒண்ண வச்சு உருவான இன்னொன்னு) ஆகிடாதுன்னுதான் வாதாடுறாங்க. 1991ல வந்த ஜிபிஎல் 2ல நிபந்தனைங்க முழுக்க தேடுனாலும் லிங்க்ங்கற வார்த்தையே வராது, காப்பிரைட் சட்டத்து மேல பாரத்த போட்டுருக்கு. நம்ம 1957 சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பு (என் பில்லிங் கோட பாத்தா யாரும் இலக்கியம்னு சொல்ல மாட்டாங்க, அது வேற). ஆனா 2007ல வந்த ஜிபிஎல் 3 உஷாரு, உங்க புரோகிராமுக்குன்னே தேவைப்படுற டைனமிக் லைப்ரரிய பேரு சொல்லியே குடுக்க வேண்டிய சோர்ஸ்ல சேத்துருச்சு.

சூரமங்கலம்: அப்போ லினக்ஸ் மேல ஓடுற எல்லாமே ஜிபிஎல்லா?

இல்லங்க, சாதாரண சிஸ்டம் கால் (புரோகிராம் வேல கேக்கற வழி) வழியா லினக்ஸோட மையமான கெர்னல யூஸ் பண்றது வழிவந்த படைப்பு ஆகாதுன்னு கெர்னலோட லைசென்ஸ் ஃபைல்லயே குறிப்பு இருக்கு. வாதத்துல நீங்க ஜெயிக்கலாம், அதுக்காக உங்க வாடிக்கையாளர கோர்ட்டுக்கு இழுத்துட்டு போவீங்களா? அதான் என் கவல.

ஏற்காடு: எஸ்டேட் காபி கணக்கு சர்வர்ல ஓடுது, ஆளுங்க பிரவுசர்ல பாக்கறாங்க.

சாதா ஜிபிஎல்னா பிரச்சன இல்ல. ஏஜிபிஎல் (சர்வர்ல ஓட்டறதுக்குன்னே கடுமையாக்குன ஜிபிஎல்) கோட நீங்க மாத்தியிருந்தா, பிரவுசர்ல வர்ற ஆளுக்கும் சோர்ஸ் கெடைக்க வழி வைக்கணும், பதிமூணாவது பிரிவு.

அம்மாபேட்டை: ஜிபிஎல் கோட தனி புரோகிராமா ஓட்டி பைப்ல (ஒண்ணோட அவுட்புட்ட இன்னொன்னுக்கு குடுக்கற வழி) பேசுனா?

பெரும்பாலும் தனித்தனி புரோகிராம்தான். ஆனா உள்ளுக்குள்ள ரெண்டும் பின்னிப்பிணைஞ்சு கெடந்தா அதுவும் சிக்கல்.

ஐந்து ரோடு: அப்பாச்சி 2.0 லைசென்ஸ்?

ஜிபிஎல் 3 கூட சேரும், ஜிபிஎல் 2 மட்டும்னா சேராது.

கொண்டலாம்பட்டி: வெள்ளிக்கு ஜிஎஸ்டி எப்படி போடறது?

ஆடிட்டர கேளுங்கண்ணா.

ஜாகீர் அம்மாபாளையம்: டைனமிக் லிங்க்…

மேல. படிங்க.

குகை தம்பி: அண்ணா, எல்டிடி போட்டேன். லிப்ரீட்லைன் இருக்கு.

லிபெடிட்டுக்கு மாத்து, ஹெடர் பேரு மட்டும் வேற. அது ஒரு ராத்திரி வேல. பழைய பில்டு எத்தன கடைக்கு குடுத்திருக்க?

குகை தம்பி: பதினேழு.