சட்டத் தத்துவத்தில் பிஎச்.டி: முதலில் துறையை முடிவு செய்யுங்கள்

அம்மா, சட்டம் படித்து முடித்த என் மகள் கோர்ட்டுக்குப் போகாமல் 'சட்டம் என்றால் என்ன' என்று இன்னும் நாலைந்து வருடம் படிக்கப் போகிறாளே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவள் பிடித்திருக்கும் கேள்வி லேசானதில்லை. நாஜி ஆட்சியில் இருந்த சட்டத்தைப் பயன்படுத்திக் கணவனைக் காட்டிக்கொடுத்த ஒரு பெண்ணைப் போர் முடிந்தபிறகு தண்டிக்கலாமா? இந்த வழக்கை வைத்து 1958இல் ஹார்ட், ஃபுல்லர் என்ற இரண்டு சட்டத் தத்துவ அறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் மோதினார்கள். அநியாயமான சட்டமும் சட்டம்தானா என்ற அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இந்த பிஎச்.டியைச் சட்டத் துறையிலும் செய்யலாம், தத்துவத் துறையிலும் செய்யலாம்; தலைப்புகூட ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் முடித்தபிறகு திறக்கும் கதவுகள் வேறு. சட்டக் கல்லூரியில் பெரும்பாலும் சட்டப் பட்டம் இருக்கிறதா, ஒப்பந்தச் சட்டமோ குற்றவியலோ பாடம் எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். தத்துவத் துறையில் அறவியலும் அரசியல் தத்துவமும் எடுக்கத் தெரிய வேண்டும். சட்டத் தத்துவத்துக்கு மட்டும் என்று ஆள் எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு, அதனால் இன்னொரு பாடத்தையும் அவள் கையில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

படிப்பு நடக்கும் விதமும் வேறுபடும். ஆக்ஸ்ஃபோர்டு சட்டத் துறையில் டி.ஃபில் (பிஎச்.டிக்கு அங்கே அதுதான் பெயர்) சேர்ந்தால் தொடக்கத்திலிருந்தே ஆய்வுதான் முக்கியம். அமெரிக்கத் தத்துவத் துறைகளில் முதல் இரண்டு வருடம் போல வகுப்புகள் இருக்கும், காலம் கூடும், ஆனால் நல்ல இடங்களில் கட்டணத்தை நீக்கி உதவித்தொகையும் தருவார்கள். உதவித்தொகை இல்லாமல், கடன் வாங்கி மட்டும் இதில் சேர வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டிதான் எனக்குப் பெரிது. அவருடைய கட்டுரைகளில் நாலைந்தையாவது அவள் படித்திருக்க வேண்டும், அவரிடம் முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர் சீக்கிரம் ஓய்வுபெறப் போகிறாரா என்றெல்லாம் கூச்சப்படாமல் விசாரிக்கலாம். விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரைக்கு அவள் பல மாதம் செலவழித்தாலும் தகும்.

அப்புறம், முதலில் இரண்டு வருடம் வக்கீலாக இருக்கட்டும் என்கிறீர்களே, அதுவும் வீண்போகாது. ஹார்ட்டே பல வருடம் வழக்கறிஞராக இருந்தவர், 1952இல்தான் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தத்துவப் பேராசிரியர் ஆனார்.

இன்றைக்கு அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தக் கேள்விக்காக இந்த நாலைந்து வருடம்? அதை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லி அனுப்புங்கள், அதைப் படித்துவிட்டு எந்தத் துறை என்று சேர்ந்து பேசுவோம்.