ஒன்பதாவது மாதத்தின் சோர்வு

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து 9 மாதங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் எல்லாமே புதுமையாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தன. இப்போது கடைக்குப் போவதற்கும், சக ஊழியரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கும்கூடத் தயங்குகிறேன். பணியில் குறையேதும் இல்லை. வீட்டார் கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே சொல்கிறேன். ஆனாலும், திரும்பிவிடலாமா என்ற எண்ணம் நாள்தோறும் வருகிறது. எனக்கு மனவலிமை போதவில்லையா?

பதில்: மனவலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் தங்கிவிட்டு வந்த தம் நாட்டவர் பலரை விசாரித்த நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், 6 மாதங்களுக்குக் குறைவாகத் தங்கியவர்களையும் 18 மாதங்களுக்கு மேல் தங்கியவர்களையும் விட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அங்கு ஒட்டமுடியாமல் தவித்தார்கள் என்று 1955இல் எழுதினார். நீங்கள் அந்த இடைப்பட்ட காலத்தில்தான் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் இப்படியே நிகழும் என்று கொள்ள வேண்டாம். முதல் சில வாரங்களிலேயே மிகுந்த துயரப்படுவோரும் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

சோர்வுக்கான காரணத்தை மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960இல் வெளியான தமது கட்டுரையில் தெளிவாக விளக்கினார். எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்பன போன்ற நூறு சிறு குறிப்புகளைப் பிறந்த இடத்தில் நாம் யோசிக்காமலே பின்பற்றுகிறோம். புதிய நாட்டில் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகின்றன. அதனால்தான், வேலைப்பளு கூடாதபோதும் மாலையில் உடலும் மனமும் ஓய்ந்துவிடுகின்றன.

அவர் முதன்மையாகச் சொன்ன மருந்து, அந்நாட்டு மொழியைக் கற்பது. அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்றாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அண்டை வீட்டாரின் பேச்சு புரியத் தொடங்கும் நாளில் பாதி அச்சம் நீங்கும். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே முகங்களைக் காணும் ஓரிடத்துக்குச் செல்லுங்கள். அது நூலகமோ விளையாட்டுத் திடலோ எதுவாயினும் சரி. மேலாளர் ‘பார்க்கலாம்’ என்றால் சம்மதமா மறுப்பா என்பதுபோன்ற ஐயங்களைக் கூச்சமின்றிக் கேட்க, நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். சொந்த நாட்டவரின் நட்பை விட வேண்டாம். ஆனால், கூடும்போதெல்லாம் அந்த நாட்டைக் குறைகூறுவது மட்டுமே நடக்குமானால் அங்கே செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் முடிவை இந்தச் சோர்வுக்கு நடுவே எடுக்காமல், இன்னும் சில மாதங்கள் தள்ளிவைப்பது நல்லது என்பது என் கருத்து. முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருந்தாலோ ஊதியம் தர மறுத்தாலோ அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயமன்று. உடனே உங்கள் நாட்டுத் தூதரகத்தை அணுக வேண்டும். உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

வீட்டார் அனைவரிடமும் சொல்ல இயலாவிட்டாலும், பதறாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம், எனக்கு எழுதியதை அப்படியே இன்றே சொல்லிவிடுங்கள்.