ராமேஸ்வரம் பின்கோடு 623526 பகா எண்ணா?

இல்லை. கடைசி இலக்கம் 6, அங்கேயே தீர்ந்தது. ஆனாலும் பாம்பனைத் தாண்டிப் போகும் கடிதங்கள் சுமக்கும் இந்த எண்ணை உடைத்துப் பார்க்கலாம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 24, ஆக 3-ஆலும் வகுபடும். 6-ஆல் வகுத்தால் 103921. இதுதான் கொஞ்சம் படுத்தும்: 7, 11, 13 எதற்கும் மசியாது, 17-க்குத்தான் மடங்கும். மிச்சம் 6113. 79-இன் வர்க்கம் 6241 என்பதால், 73 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. அது பகா எண்.

623526 = 2 × 3 × 17 × 6113.

வகுத்திகள் 16. தன்னை விட்டு மற்றவற்றைக் கூட்டினால் 697098, எண்ணைவிடப் பெரிது, அதாவது மிகையெண். ராமேஸ்வரத்துக்கே உரிய பெருமை என்று நினைத்துவிடாதீர்கள்: 6-ஐத் தவிர 6-இன் மடங்குகள் எல்லாமே அப்படித்தான்.