குடியேறியவர்களின் "ஒருங்கிணைவு" என்றால் என்ன? அதுபற்றி மக்களின் கருத்து ஏன் இவ்வளவு மாறுபடுகிறது?

மொழி கற்று, வேலை பார்த்து, அக்கம்பக்கத்தோடு பழகி, புதிய நாட்டின் வாழ்க்கையில் பங்கெடுப்பதுதான் ஒருங்கிணைவு. சொந்த மொழியையும் வழக்கத்தையும் விட்டுவிட்டுக் கரைந்துபோவது வேறு. உளவியலாளர் ஜான் பெரி இரண்டையும் தனித்தனி வகையாகவே பிரித்தார். கருத்துக்கணிப்பில் "ஒருங்கிணைய வேண்டும்" என்று இருவர் டிக் அடிப்பார்கள். ஒருவர் மனதில் இருப்பது முதலாவது, மற்றவர் மனதில் இரண்டாவது. முடிவுகளைப் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கருத்து மாறுபட ஒரு முக்கியக் காரணம் நேரடிப் பழக்கம். ஆனால் தவறான முன்முடிவுகள் குறைய வெறுமனே அருகில் இருந்தால் போதாது. சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு என நான்கு நிபந்தனைகளை 1954-இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னார். ஆண்டு நடுவில் வகுப்பில் சேரும் மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இடம் கிடைத்ததால் நட்பு வந்துவிடாது; நாலு பேரோடு சேர்த்து, ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தால் பேச்சு தானே தொடங்கும். ஒரே பரிசுக்கு மோதவிட்டால்? முறைப்புதான்.

குடியேறியவர்கள் அதிகம் உள்ள இடத்தில்தான் எதிர்ப்பும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. எதிர்ப்பு பெரும்பாலும் ஒட்டிப்போவது மக்கள் ஊகிக்கும் எண்ணிக்கையோடு. 2021 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய யூரோபரோமீட்டர் கருத்துக்கணிப்பில், தங்கள் நாட்டு மக்கள்தொகையில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பங்கை 68% பேர் உள்ளதைவிடக் கூட்டியே சொன்னார்கள்.