'எனக்கு சீட் கிடைக்கலைன்னா' என்று எழுதியிருந்தீர்கள் அண்ணா

அண்ணா, வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து நேற்று இரவு பதினொன்றரைக்கு நீங்கள் அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். இரண்டாவது தடவை நீட் எழுதியும் உங்கள் மகள் பாப்பாவுக்கு மதிப்பெண் போதவில்லை. இனி எழுத மாட்டேன், பி.எஸ்சி. சைக்காலஜி சேர்த்துவிடுங்கள் என்கிறாள். அவள் நோட்டைப் புரட்டினால் ஃபிராய்டு, இட், ஈகோ, பாலுணர்வு என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. "பைத்தியக்காரங்க கூட உக்காந்து பேசற படிப்புங்களா மேடம், நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடுவில் ஒரு வரி: "இன்னொரு வருஷம் எழுதியும் எனக்கு சீட் கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னே தெரியல." பாப்பாவுக்கு என்று எழுத வந்தவர், எனக்கு என்று எழுதிவிட்டீர்கள்.

ஃபிராய்டாக இருந்தால் அந்த ஒரு சொல்லில்தான் பேச்சைத் தொடங்கியிருப்பார். வாய் தவறிச் சொல்வது, பேர் மறந்துபோவது, கை தவறி எழுதுவது பற்றி 1901-இல் தனி நூலே எழுதியவர் அவர். நமக்கே தெரியாத விருப்பம் ஒன்று அந்த இடுக்கு வழியாகத் தலைகாட்டுகிறது என்பது அவர் கணிப்பு. தூக்கக் கலக்கத்தில் போனில் அடித்தால் இப்படித்தான் வரும் என்று இன்றைய உளவியலாளர் பலர் சொல்வார்கள், அதுவும் நியாயம். ஒரு சொல்லை வைத்து உங்கள் மனதை நான் அளக்க மாட்டேன். ஆனால் போன முறை நேரில் வந்தபோது, பிளஸ் டூ முடித்த வருஷமே அப்பா தவறிப்போனதையும், டாக்டர் ஆசையை விட்டுவிட்டு மாந்தோப்பைப் பார்க்க வந்ததையும் சொல்லிக் கண் கலங்கினீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

ஃபிராய்டு நரம்பியல் படித்த டாக்டர். 1856-இல் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை வியன்னாவில் கழித்து, நாஜிகள் வந்த பிறகு 1938-இல் லண்டனுக்குப் போய் அடுத்த ஆண்டே இறந்துபோனார். மனதில் நமக்குத் தெரிந்து நடப்பது கொஞ்சம்தான், தெரியாமல் நடப்பதே அதிகம் என்பது அவர் அடிப்படை. அந்தத் தெரியாத பகுதியைத் தமிழில் நனவிலி என்கிறார்கள்.

1923-இல் மனதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். அவர் எழுதியது சாதாரண ஜெர்மன் சொற்கள்: எஸ், இஷ், ஊபர்-இஷ். அதாவது அது, நான், மேல்-நான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் லத்தீன் சொற்களைப் போட்டதால் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று ஏதோ வியாதிப் பெயர் போல ஆகிவிட்டது. தமிழில் 'அது', 'நான்' என்றே வைத்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

உங்கள் தோப்பு ஓரமாகப் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் உயரத்தில் தோத்தாபுரி தொங்குகிறது. இப்பவே பறி, தின்னு என்கிறது ஒன்று. அதற்கு நாளை தெரியாது, நியாயம் தெரியாது. அதுதான் 'அது'. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், அடுத்தவன் காயைத் தொடாதே என்று அப்பா குரல் உள்ளே கேட்கிறதே, அது 'மேல்-நான்'. இரண்டுக்கும் நடுவில் நின்று, சாயந்திரம் தோப்புக்காரரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வழி கண்டுபிடிப்பது 'நான்'. அவனுக்கு ஈகோ ஜாஸ்தி என்று நாம் திமிரைச் சொல்கிறோம் இல்லையா, ஃபிராய்டின் ஈகோ திமிர் இல்லை. ஆசைக்கும் கண்டிப்புக்கும் வெளியுலகத்துக்கும் ஈடுகொடுத்துக் குடும்பம் நடத்தும் பாவப்பட்ட பகுதிதான் இந்த 'நான்'.

இந்த 'நான்' தாங்க முடியாமல் போகும்போது மனம் சில தற்காப்பு உத்திகளைக் கையாளும். கிடைக்காததை 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்பது ஒன்று. மாங்கூழ் கம்பெனிக்காரன் விலையைக் குறைத்த கோபத்தை வீட்டுக்கு வந்து அண்ணி மேல் காட்டுவது இன்னொன்று. இவற்றை முறையாகத் தொகுத்து 1936-இல் எழுதியவர் ஃபிராய்டின் கடைசி மகள் அன்னா. அதில் அவர் சொல்லும் ஒரு பெண்ணை உங்களுக்காகவே குறிப்பிடுகிறேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். தனக்கென்று எந்த ஆசையையும் வைத்துக்கொள்ளாமல், தன் ஆசைகளை எல்லாம் மற்றவர்களுக்கு நிறைவேற்றிவைப்பதிலேயே நிறைவு கண்டவர். இதைத் தப்பு என்று அன்னா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைக்காக உழைக்கும் அப்பா அம்மா எல்லோரிடமும் இது கொஞ்சம் உண்டு. சிக்கல் எங்கே என்றால், யாருக்காக என்று நினைத்தோமோ அவர் வேண்டாம் என்னும்போது, நம்மையே வேண்டாம் என்றது மாதிரி வலிக்கிறது. உங்களுக்கு இப்போது வலிப்பது அந்த இடம்தானோ என்று ஒருமுறை யோசியுங்கள் அண்ணா.

பாலுணர்வு என்ற சொல்லுக்கு வருகிறேன். குழந்தை பால் குடிக்கும்போது பெறும் சுகம் முதல் உடல் தரும் இன்பம் எல்லாவற்றையும் அவர் அந்தச் சொல்லில் அடக்கினார். வயதுக்கு வயது அந்த இன்பம் உடலில் இடம் மாறுகிறது, சிறுவயதுச் சிக்கல் பெரியவனானதும் குணத்தில் தெரிகிறது என்றார். இதில் பெரும்பகுதியை இன்று அப்படியே ஏற்பவர் குறைவு. சோதித்துப் பார்க்க வழியில்லாத கொள்கை என்ற குற்றச்சாட்டு உண்டு. பெண்களைப் பற்றி அவர் சொன்னதை, அவர் வழியில் வந்த மனநல மருத்துவர் கேரன் ஹார்னியே கடுமையாக மறுத்தார். நம் நாட்டிலேயே, 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் (ஃபிராய்டின் முறைக்கு உளப்பகுப்பாய்வு என்று பேர்) தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டுக்குக் கடிதம் எழுதி வாதிட்டவர். பேசியே குணப்படுத்தலாம், பிள்ளைப் பருவம் முக்கியம், மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் ஆகிய மூன்றும்தான் இன்னும் நிலைத்து நிற்கின்றன.

'பைத்தியக்காரங்க' என்ற சொல் என்னை வருத்தியது. 'பேச்சு வைத்தியம்' என்ற பேரையே வைத்தது பெர்தா பாப்பன்ஹைம் என்ற நோயாளிதான். அப்பாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது 21 வயதில் நோயில் விழுந்தவர், ஃபிராய்டின் நண்பர் பிராயரிடம் சிகிச்சை பெற்றவர். அதில் முழுக்கக் குணமாகிவிடவில்லை. பிறகும் ஆண்டுக்கணக்கில் சிரமப்பட்டார். அதே பெர்தாதான் 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான சங்கம் தொடங்கி, கைவிடப்பட்ட பெண்களுக்கு இல்லம் நடத்தினார்.

இனி படிப்பு. ஃபிராய்டைப் படித்து மயங்கித்தான் பாப்பா இதைக் கேட்கிறாள் என்றால், அவளுக்கும் ஒரு உண்மை தெரிய வேண்டும். பி.எஸ்சி.யில் ஃபிராய்டு ஓரிரு அத்தியாயம்தான். புள்ளியியல், மூளை நரம்பு, ஆய்வுக்கூடச் சோதனை, இவைதான் அதிகம். உயிரியல் படித்தது வீண் போகாது. மூன்று வருஷப் பட்டத்தோடு நிறுத்தினால் நல்ல வேலை கஷ்டம், மேலே எம்.எஸ்சி. இரண்டு வருஷம் வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தில், சேலத்தில், உளவியல் துறை இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் ஆக ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு கட்டாயம். இதுவரை அதற்கு வழக்கமான வழி இரண்டு வருஷ எம்.ஃபில்.; விதிகள் மாறிவருவதால் சேரும் வருஷத்தில் ஆர்.சி.ஐ. இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் பெங்களூரில், ஓசூர் தாண்டினால் வந்துவிடும், நுழைவுத்தேர்வு கடுமை. மருந்து எழுதுவது மருத்துவ உளவியலாளர் வேலை இல்லை. அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படிக்க வேண்டும்.

தபால் வழியில் வீட்டிலிருந்தே படிக்கட்டுமா என்றீர்கள். முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர, இணைய வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. யாராவது சேர்த்துக்கொள்கிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள்.

இதையெல்லாம் விட அவசரமானது ஒன்று. ரிசல்ட் வந்ததிலிருந்து பாப்பா ராத்திரி தூங்குவதில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முதல் வரியாகப் படித்தேன். தன் மனதைத் தானே புத்தகம் பார்த்து ஆராயும் நேரம் இல்லை இது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள், அண்ணியும் கூட வரட்டும். மூன்றாவது நீட் பற்றி அதுவரை வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பாப்பாவோடு வாருங்கள். மதிப்பெண் பட்டியலும் அந்த நோட்டும் வேண்டும். நோட்டை அவளே எடுத்து வரட்டும், நீங்கள் பிரிக்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேசுகிறேன். அதற்கடுத்த அரை மணி நேரம் உங்களுக்கு; உங்கள் பிளஸ் டூ கதையை அன்றைக்கு முழுசாகச் சொல்லுங்கள்.