கோச்சிடம் எதைக் கேட்பது, ஆலோசகரிடம் எதைக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாற்பது பேர் வேலை செய்யும் அச்சு, பேக்கேஜிங் கூடம் ஒன்றை நடத்துகிறேன். ஆர்டர்கள் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது எங்களுடைய நெடுநாள் சிக்கல். சென்ற ஆண்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். எட்டு வாரம் அளந்தும் விசாரித்தும் எண்பது பக்க அறிக்கை தந்தார்கள். தினசரி உற்பத்தி அட்டவணை ஒன்றையும் வகுத்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

இந்த முறை பிசினஸ் கோச் ஒருவருடன் ஆறு மாத ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். பத்து அமர்வுகளில் நான்கு முடிந்துவிட்டன. அவர் கேள்விகளாகவே கேட்கிறார். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”, “வேறு என்ன வழி இருக்கிறது?” எனக்கே தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறேன்? போன அமர்வில் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று நேராகவே கேட்டேன். அது உங்கள் முடிவு என்றார். கோச்சிங் என்பது கன்சல்டிங்குக்கு வைத்த இன்னொரு பெயரா, உண்மையிலேயே வேறா? ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் வேறு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இருவரில் யாரும் தங்கள் வேலையைத் தவறாகச் செய்ததாகத் தெரியவில்லை. தாமதம் என்ற ஒரே பெயருக்குள் உங்களிடம் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு விடை வெளியிலிருந்து வர வேண்டும். மற்றதை வெளியிலிருந்து யாராலும் தர முடியாது. நீங்கள் இரண்டையும் முதலில் ஆலோசகரிடம் கொடுத்தீர்கள், இப்போது இரண்டையும் கோச்சிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் சிக்கலைப் பார்ப்போம். கூடத்துக்குள் ஒரே சமயத்தில் 240 வேலைகள் பல கட்டங்களில் நிற்கின்றன, நாளொன்றுக்கு 20 முடிந்து வெளியேறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உள்ளே நுழையும் வேலை வெளியே வரச் சராசரியாக 12 நாள் ஆகும். 240-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் கணித முறையில் நிறுவிய விதி இது. உற்பத்தி மேலாண்மை படித்தவர்களுக்கு அரிச்சுவடி. நீங்கள் வாடிக்கையாளரிடம் 7 நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஆட்கள் எவ்வளவு உழைத்தாலும் தாமதமாகத்தான் போகும். உள்ளே நிற்கும் வேலைகளை 140 ஆகக் குறைக்க வேண்டும், அல்லது நாள்தோறும் முடிவதை 34, 35 ஆக உயர்த்த வேண்டும், அல்லது 12 நாள் என்றே சொல்ல வேண்டும். இதை அறியாத ஒருவரிடம் ஒரு கோச் நூறு கேள்வி கேட்டாலும் அந்த வாய்ப்பாடு வெளியே வராது. இங்கே தேவைப்படுவது தெரிந்தவர் ஒருவர் வந்து அளந்து சொல்வது. அதைத்தான் அந்த நிறுவனம் செய்திருக்கிறது. மென்பொருள் கேள்வியும் இந்த வகைதான். பத்துப் பதினைந்து கூடங்களில் அந்த மென்பொருள்கள் ஓடியதைப் பார்த்தவருக்குத்தான் எது உங்கள் அளவுக்குப் பொருந்தும் என்று தெரியும். உங்கள் கோச் பதில் சொல்ல மறுத்தது சரி. ஆனால் “இது ஆலோசகரிடம் கேட்க வேண்டிய கேள்வி” என்று அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் முடிவை உங்கள் பக்கம் தள்ளிவிட்டதால்தான் அது தட்டிக்கழிப்பதாகத் தோன்றியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல், அட்டவணை ஏன் மூன்று மாதத்தில் செத்தது என்பது. காரணத்தை நீங்கள் எழுதவில்லை. உங்களுடையதைப் போன்ற கூடங்களில் பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன், பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் முதலாளியைக் கைபேசியில் அழைக்கிறார். முதலாளி “நாளைக்குத் தந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசரிடம் போய், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்கிறார். இயந்திரத்தில் ஒரு வேலையை இறக்கி இன்னொன்றை ஏற்ற 40 நிமிடம் பிடிக்கும் என்றால், நிறுத்திய வேலையைத் திரும்ப ஏற்றுவதற்கு மட்டும் கூடுதலாக 40 நிமிடம் போகிறது. ஒரு நாளில் மூன்று முறை இப்படிச் செய்தால் 2 மணி நேரம் போயிற்று. நான்கு வாரம் இதைப் பார்த்த சூப்பர்வைசர் அட்டவணையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காலையில் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். அதன் பிறகு அந்த அட்டவணை சுவரில் தொங்கும் காகிதம்தான்.

இதற்கு எந்த அறிக்கையும் மருந்தாகாது. “அவசர ஆர்டர்களைக் கட்டுப்படுத்தவும்” என்ற வரி உங்கள் எண்பது பக்கத்துக்குள்ளேயே எங்காவது இருக்கலாம். அந்த வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேச எது தடுக்கிறது, பழைய ஆர்டர் ஒன்று கைநழுவிய நினைவா, சூப்பர்வைசரிடம் முடிவை விட மனமில்லாததா, எல்லாவற்றுக்கும் தன் கை தேவைப்படுவதில் உள்ள நிறைவா என்பது உங்களுக்கு மட்டுமே எட்டும் செய்தி. இந்த இடத்தில் கோச்சின் கேள்விக்குப் பயன் உண்டு, ஏனென்றால் விடைக்கான மூலப்பொருள் முழுவதும் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆக, யாரை அமர்த்துவது என்று முடிவு செய்யும்முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சரியான விடையை ஒரு தாளில் எழுதி நாளைக் காலை மேசையில் வைத்துவிட்டால் சிக்கல் தீருமா? தீரும் என்றால் ஆலோசகர். தாளைப் படித்துவிட்டு அதே பழக்கத்துக்குத் திரும்புவீர்கள் என்று தோன்றினால் கோச்.

கோச்சிங்கில் பயனுள்ள ஓர் அமர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்தால், உங்களுக்கு இதுவரை கிடைத்த நான்கையும் எடைபோடலாம். வழக்கமாக 45 முதல் 60 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. முதல் ஐந்து நிமிடத்தில் இன்று எதைப் பேசுகிறோம், எழுந்து போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட வேண்டும். நடுப்பகுதியில் அண்மையில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து விரிவாகப் பார்க்க வேண்டும். “பொதுவாக நான் அப்படித்தான்” என்ற அளவில் பேச்சு நின்றால் ஒன்றும் தேறாது, “செவ்வாய்க்கிழமை அந்த அழைப்பு வந்தபோது முதலில் என்ன சொன்னீர்கள்?” என்று இறங்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்த அமர்வுக்குள் செய்து பார்க்க வேண்டிய ஒரு காரியம், நாளும் அளவும் சேர்த்து. உதாரணமாக, இரண்டு வாரத்துக்கு எந்த அவசர அழைப்புக்கும் உடனே தேதி சொல்லாமல், “ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்” என்று மட்டும் சொல்வது. ஒவ்வொரு அழைப்பையும் குறித்துக்கொண்டு, அவற்றில் எத்தனை உண்மையிலேயே அவசரம் என்று சூப்பர்வைசருடன் பார்ப்பது. அடுத்த அமர்வு அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். போன முறை ஒப்புக்கொண்டது என்னவாயிற்று என்று கேட்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும் கோச்சிடம் நேரம் வீணாகிறது. கேள்விக்குறி போட்ட அறிவுரையும் கோச்சிங் ஆகாது. “ஒரு உற்பத்தி மேலாளரை வைத்தால் என்ன?” என்பது கேள்வி வடிவில் வரும் பரிந்துரை, அதுவும் அவர் பொறுப்பேற்காத பரிந்துரை.

இந்தப் பொறுப்பு யாருடையது என்பதில்தான் இரண்டு தொழிலும் மிகக் கூர்மையாகப் பிரிகின்றன. ஆலோசகர் தன் பரிந்துரையின் தரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அதனால் அவருடைய ஒப்பந்தத்தில் வேலையின் எல்லை, என்னென்ன தரவுகளை நீங்கள் தர வேண்டும், எவற்றை எந்தத் தேதியில் அவர் ஒப்படைப்பார், எதை வைத்து அதை முடிந்ததாக ஏற்பீர்கள், எத்தனை திருத்தம் என்பதெல்லாம் இருக்கும். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது நல்லது. பேச வந்த மூத்தவரே கூடத்துக்கும் வருவாரா, இளையவர்களை அனுப்புவாரா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். உங்கள் ஆள் ஒருவர் முதல் நாளிலிருந்து அவர்களுடன் உட்கார்ந்து அளக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அறிக்கை தந்துவிட்டு அவர்கள் போன பின் எதுவும் நிற்காமல் போவதற்குக் கூடத்தில் ஒருவருக்கும் அந்தக் கணக்கு போடத் தெரியாததும் ஒரு காரணம்.

கோச் ஒப்படைக்கும் பொருள் எதுவும் இல்லை. அமர்வுகளின் எண்ணிக்கை, நீளம், இடைவெளி, ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், இலக்கு என்ன, பாதியில் ஒரு மறுபரிசீலனை, பேசுவது யாருக்குப் போகும் யாருக்குப் போகாது என்பவைதான் அந்த ஒப்பந்தம். கடைசியில் சொன்னது மிக முக்கியம். உங்கள் சூப்பர்வைசருக்கு நீங்கள் பணம் கட்டி கோச் வைக்கப்போகிறீர்கள் என்றால் மூவரும் உட்கார்ந்து பேசி, இலக்கும் வருகைப் பதிவும் மட்டும் உங்களுக்கு வரும், உரையாடல் வராது என்று எழுத வேண்டும். “அவர் என்ன சொன்னார்?” என்று நீங்கள் ஒரு முறை கேட்டு, கோச் ஒரு முறை சொல்லிவிட்டால் அன்றோடு அது முடிந்தது. இதே காரணத்தால், உங்கள் ஊழியர்களை மதிப்பிட வரும் ஆலோசகரையே அவர்களுக்குக் கோச்சாகவும் வைக்கக் கூடாது.

தகுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இரண்டு வரி. 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப், மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது. முதல் நிலையான ஏசிசிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும், அடுத்த நிலையான பிசிசிக்கு 125-ம் 500-ம், எம்சிசிக்கு 200-ம் 2,500-ம் வேண்டும். இது உரையாடலை நடத்தும் திறமைக்கான சான்று. அச்சுத் தொழிலில் அவருக்கு என்ன தெரியும் என்பதை இது சொல்லாது, சொல்லவும் தேவையில்லை. ஆலோசகருக்கோ நேர்மாறு: இதே சிக்கலை வேறு எங்கே எடுத்தார், முன்னும் பின்னும் எண்கள் என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டையும் செய்யும் ஒருவர் இருக்கக் கூடாதா என்றால், இருக்கலாம். நிறுவன உளவியல் அறிஞர் எட்கர் ஷைன் ஆலோசனையை மூன்றாகப் பிரித்தார்: நிபுணரிடம் தகவல் வாங்குவது, ஆலோசகரே சிக்கலைக் கண்டறிந்து மருந்தும் சொல்லும் மருத்துவர் நோயாளி முறை, மூன்றாவதாக வாடிக்கையாளரே தன் சிக்கலைக் கண்டுகொள்ள உடனிருந்து உதவும் செயல்முறை ஆலோசனை. மூன்றாவது கோச்சிங்குக்கு மிக அருகில் வருகிறது. எல்லை மங்கும் இடங்கள் உண்மையிலேயே உண்டு. நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். தொப்பி மாறும்போது அவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “இதில் எனக்கு ஒரு தகவல் தெரியும், சொல்லட்டுமா?” என்று கேட்டு, சொல்லி, “உங்கள் இடத்தில் இது எந்த அளவு பொருந்தும்?” என்று மீண்டும் கேள்விக்குத் திரும்ப வேண்டும். சொல்லாமல் மாறுபவரிடம், எது உங்கள் முடிவு, எது அவருடையது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

ஒப்பந்தத்தை இப்போது முறிக்க வேண்டாம். ஐந்தாவது அமர்வின் முதல் பத்து நிமிடத்தை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை வெளியே எடுத்துவிட்டு, “அட்டவணையை நானே உடைக்கிறேனா, எப்போது, ஏன்?” என்பதை மீதி ஆறு அமர்வுகளின் பொருளாக வையுங்கள். அளவுகோல் ஒன்று போதும்: வாரத்தில் எத்தனை முறை உங்கள் சொல்லால் அட்டவணை மாறியது. அந்த எண்ணைச் சூப்பர்வைசர் குறிக்கட்டும், நீங்கள் குறிக்க வேண்டாம். எட்டாவது அமர்வுக்குள் அது இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இறங்கினால் பழைய அறிக்கையை எடுத்து, அந்த ஆலோசகரையே இரண்டு நாளுக்கு மட்டும் அழைத்து, உள்ளே நிற்கும் வேலைகளின் இன்றைய எண்ணிக்கையை வைத்து அட்டவணையைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். மென்பொருளைப் பற்றி அவரிடம் அப்போது கேளுங்கள்.