அலாய் வீலில் படிந்த பிரேக் துகள்: தேய்க்க வேண்டாம், கரைத்து எடுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து வாரந்தோறும் காரில் சேலம் சென்று வருகிறேன். முன்பக்க அலாய் வீல்களில், குறிப்பாக இடது பக்கத்தில், கருமையும் செம்பழுப்புமாகப் புள்ளிகள் படிந்திருக்கின்றன. ஷாம்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வாட்டர் வாஷ் கடையில் ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? மறுபடியும் படியாமலிருக்க என்ன பூசுவது?

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதற்கு முன், அந்தப் புள்ளிகள் என்னவென்று பார்த்துவிடுவோம். வெறும் சாலைத் தூசியாக இருந்தால் ஷாம்புவிலேயே போயிருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் உரசி, இரண்டிலிருந்தும் நுண்ணிய துகள்கள் சூடாக உதிர்கின்றன. அவற்றில் கணிசமான பங்கு இரும்பு. சூட்டோடு வந்து வீலின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட்டில் அவை பதிந்துகொள்கின்றன. பிறகு மழையோ கழுவிய நீரோ பட்டதும் பதிந்த இடத்திலேயே துருப்பிடித்துச் செம்பழுப்பாகின்றன. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே சுமப்பதால் அங்குதான் கறை அதிகம்.

கழிவறை சுத்தம் செய்யும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கல் தெறித்துக் கிளியர் கோட் பெயர்ந்த இடத்தில் அடியிலிருக்கும் அலுமினியத்தையும் அரித்துவிடும். இன்று கிடைக்கும் பளபளப்புக்குப் பிறகு, சில மாதங்களில் விளிம்புகளில் வெள்ளையாகப் பூத்து, கோட்டிங் தோல் உரிவதுபோல உரியும். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீல் என்றால் சேதம் இன்னும் விரைவாகத் தெரியும். காரத்தன்மை மிக்க சலவைத் தூளும் அலுமினியத்துக்கு ஆகாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது, கார் பராமரிப்புப் பொருள் கடைகளில் ‘அயர்ன் ரிமூவர்’ என்ற பெயரில் கிடைக்கும் திரவம். அமிலம் கலக்காதது என்று லேபிளில் குறிப்பிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இவற்றில் பெரும்பாலானவை தயோகிளைகோலேட் என்ற உப்பைக் கொண்டவை. அது இரும்போடு வினைபுரிந்து, நீரில் கரையும் சேர்மமாக அதை மாற்றுகிறது.

சக்கரம் கையால் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும்; வண்டி நிழலில் நிற்க வேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிடுங்கள். கிரானைட் லாரிகள் ஓடும் நம் சாலைகளின் தூசியில் கல் துகள் கலந்திருப்பதால், உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். ஷாம்பு போட்டுக் கழுவி, நீர் வடிந்ததும், ஒரு சமயத்தில் ஒரே ஒரு வீலுக்கு மட்டும் திரவத்தைத் தெளியுங்கள். ஓரிரு நிமிடங்களில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கத்தரிப்பூ நிறம் கிளம்பி, கோடு கோடாக வழியத் தொடங்கும். அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம் வரும். அது இந்த மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம். கையுறை மட்டும் அவசியம். லேபிளில் சொன்ன நேரம்வரை விட்டு, உலர்ந்துபோகும் முன் மென்மையான பிரஷ்ஷால் ஆரங்களின் இடுக்குகளையும் நட்டுகளைச் சுற்றியுள்ள குழிகளையும் வருடிக் கழுவிவிடுங்கள். முதல்முறை பாதிதான் போயிருந்தால் அழுத்தித் தேய்க்காமல் இன்னொரு முறை தெளிப்பதே முறை. அதன் பின்னும் சொரசொரப்பு இருந்தால், படிந்த துகளை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை ஷாம்பு நீரில் நனைத்து மெல்ல ஓட்டலாம். அந்தக் கிளே கட்டியை மீண்டும் காரின் பாடியில் பயன்படுத்தக் கூடாது. விரல் நகம் இடறும் குழியாக மாறியிருந்தால் துகள் கோட்டிங்கைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். அதற்கு மறுபூச்சுதான் வழி.

கழுவியதும் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் என்றால் எல்லோருக்கும் ஃப்ளோரைடு நினைவுக்கு வரும். வீலில் வெள்ளைத் திட்டு விடுவது அதுவல்ல, போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும். இதற்காக ஒகேனக்கல் குடிநீரை வீணாக்க வேண்டாம், துடைத்தாலே போதும். பிறகு சாலையில் இறங்கியதும் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சில முறை மிதித்து டிஸ்க்கின் ஈரத்தைப் போக்குங்கள்.

பாதுகாப்புப் பூச்சைப் பொறுத்தவரை, சாதாரண மெழுகு பிரேக் சூட்டில் நீடிக்காது. செயற்கை சீலன்ட் சில மாதங்களுக்குத் தாங்கும். வீலுக்கென்றே வரும் செராமிக் கோட்டிங் அதைவிட நீண்ட காலம் உழைக்கும். எதுவும் துகள் விழுவதைத் தடுக்காது. விழுந்தது பதியாமல், அடுத்த கழுவலில் ஷாம்புவோடு போகச் செய்யும், அவ்வளவே. டயர் ரொட்டேஷனுக்காக வீலைக் கழற்றும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் உட்புறத்துக்கும் பூசிவிடலாம். வீலை மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு பொருந்தும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பூச்சு படக் கூடாது. டிஸ்க்கிலும் பேடிலும் பட்டால் பிரேக் பிடிப்பே குறைந்துவிடும்.

உங்கள் கறையில் ஒரு பங்கு தொப்பூர் கணவாயின் உபயம் என்று நினைக்கிறேன். சேலம் நோக்கிப் போகும்போது அது நீண்ட இறக்கம். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பேடு தேய்ந்து துகள் கொட்டும்; சூடேறிய பிரேக் பிடிப்பை இழப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இடது சக்கரத்தில் மட்டும் கூடுதலாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதில்தான். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகமான காலிபர் நகர்வதற்கான ஊசி (pin) இறுகிக்கொண்டால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். வண்டியைச் சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். இடது பக்கத்தில் அனல் கூடுதலாகத் தெரிந்தால், அடுத்த சேலம் பயணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டி காலிபரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அயர்ன் ரிமூவரும் கோட்டிங்கும் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.